கேமரா சொன்னதும் நாங்கள் கேட்டதும்

பனியன் கம்பெனியில் நான் ஐஇ, அதாவது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர். ஒரு டீ-ஷர்ட்டுக்குத் தோள் சேர்க்க எவ்வளவு நேரம், கை ஏற்ற எவ்வளவு நேரம் என்று அளந்து, வரிசையாக மெஷின் போட்ட தையல் லைனில் வேலை எங்கே தேங்குகிறது என்று சொல்ல வேண்டிய ஆள். பல வருடங்களாக என் ஆயுதம் ஒரு ஸ்டாப்வாட்ச். தையல் மெஷினுக்குப் பின்னால் போய் நிற்பேன். டெய்லர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

"ஏனுங்க சார், நீங்க பின்னால நின்னா கையே ஓடமாட்டேங்குதுங்க. போயி ஒரு டீ குடிச்சுப்போட்டு வாங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்லுவார்கள். நானும் போய்விடுவேன். திரும்பி வரும்போது, நூல் சரியில்லை, துணி சுருண்டுகொண்டு வருகிறது, கரண்ட் ஏறி இறங்குகிறது என்று நாலு காரணம் காத்திருக்கும். பாதி உண்மையாக இருக்கும். அந்தப் பாதியை வைத்துத்தான் நான் தொழில் கற்றேன்.

எங்கள் கம்பெனி திருப்பூரில், நெருப்பெரிச்சலில் இருக்கிறது. முதலாளியின் அப்பா மடத்துக்குளம் பக்கம் விவசாயம் பார்த்தவர். முதலாளி சின்ன வயதிலேயே திருப்பூருக்கு வந்து, கட்டிங் டேபிளில் நின்று தொழில் பழகி மேலே வந்தவர். புது மெஷின் என்றால் அவருக்குத் தனிப் பிரியம். ஊரில் முதலில் யாரிடம் வந்தது என்று கேட்டால் எங்கள் கம்பெனி என்று சொல்ல வேண்டும் அவருக்கு. அப்படித்தான் ஒரு நாள், லைனுக்கு மேலே கேமரா மாட்டி, செயற்கை நுண்ணறிவை வைத்து ஒவ்வொருவர் வேலையையும் அளக்கும் ஒரு ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னார். ஸ்டாப்வாட்சை நான் மேஜை டிராயரில் போட்டுவிடலாம் என்று சிரித்தார்.

அப்போது எங்கள் பர்சனல் மேனேஜராக இருந்தவர் ஒரு பெண்மணி. நாங்கள் எல்லோரும் மேடம் என்போம். நெசவுக் குடும்பம். செவ்வாய்க்கிழமை தவறாமல் முருகன் கோயில் விபூதியோடுதான் வேலைக்கு வருவார். சட்டம் படித்தவர். கோர்ட்டுக்குக் கொஞ்ச நாள் போய்விட்டு, பிறகு கம்பெனி வேலைக்கு வந்தார். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டுக்குக் காகிதம் தயார் செய்வதுதான் அவர் வேலை என்று எங்களில் பலர் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருப்பார். அந்த அமைதிக்குப் பயந்தே பலர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து சாஃப்ட்வேர் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் வந்து திரையில் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினார். ஓவர்லாக் மெஷினில் ஒரு பெண் தைக்கிறார். அவர் கையைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் ஓடுகிறது. பக்கத்தில் எண்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. நான் நாள் முழுக்க நின்று அளப்பதை அது கட்டடம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் அளந்தது.

மேடம் கடைசிவரை பார்த்துவிட்டு, "இது தப்பாச் சொன்னா யாரைக் கேக்கறதுங்க?" என்றார்.

"தப்பு ரொம்பக் குறைச்சலாத்தாங்க வரும், மேடம்."

"வராதுன்னு நானும் சொல்லலீங்க. வந்தா யாரைக் கேக்கறது?"

இன்ஜினியர் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார். "இதுக்கெல்லாம் நம்ம நாட்டுல தனிச்சட்டம் இன்னும் வரலீங்க, மேடம்."

"தனிச்சட்டம் வரலீன்னா பழைய சட்டமெல்லாம் லீவுல போயிருச்சுங்களா?"

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் மேடம் சிரிக்கவில்லை. கேமரா மாட்டுவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. மாட்டுவதற்கு முன்னால் சில விஷயங்கள் முடிவாக வேண்டும் என்றார். கேமரா எதைப் பார்க்கிறது, எதற்குப் பார்க்கிறது என்று எல்லா டெய்லருக்கும் அவரவர் மொழியில் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று கேட்டால் காட்ட வேண்டும். அது சொன்னதை மட்டும் வைத்து யாரையும் வேலையை விட்டு அனுப்பவோ, இடம் மாற்றவோ கூடாது. சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்டு, ஒரு மனிதர் தன் பெயரைப் போட்டு முடிவெடுக்க வேண்டும். அதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வாசலில் ஒட்டவும் வைத்தார்.

அவர் கேட்டதில் ஒன்று மட்டும் நடக்கவில்லை. எங்கள் ஆட்கள் தைக்கும் படங்களை அந்தக் கம்பெனி தன் சாஃப்ட்வேரைப் பழக்க வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்று வாதாடினார். ஒப்பந்தத்தில் அது முடியாது என்றார்கள். முகங்களை மறைத்துத்தான் எடுப்போம் என்கிற அளவுக்கு இறங்கி வந்தார்கள். "பாதிதானுங்க கெடைச்சுது" என்று மேடம் என்னிடம் சொன்னார். தோற்றதைத் தோற்றேன் என்று சொல்லக் கூசாதவர் அவர்.

கேமரா ஓட ஆரம்பித்தது. முதல் சில நாட்கள் லைனில் பேச்சே இல்லை. துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர்களைப் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். எப்போதும் என்னை விரட்டுகிற ஒரு அக்கா, "சாருகிட்டயாவது சண்டை போடலாமுங்க. அதுகிட்ட என்னத்தப் பேசறது?" என்று மேலே கையைக் காட்டினார். சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு மனதில் நின்றுவிட்டது.

நல்லதும் நடந்தது. ஒரு லைனில் தினமும் மத்தியானத்துக்கு மேல் வேலை தேங்கிக்கொண்டே இருந்தது. ஆட்கள் சோர்ந்துபோகிறார்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்களிடம் கோளாறு இல்லை, நூல் கொண்டுவந்து கொடுப்பதில்தான் தாமதம் என்று கேமரா காட்டிக்கொடுத்தது. டெய்லர்கள் மேல் பல மாதமாக இருந்த பழி ஒரு நாளில் போனது. அன்றைக்கு மேலே பார்த்து யாரும் முறைக்கவில்லை.

பிறகு ஆர்டர் குறைந்த காலம் வந்தது. திருப்பூர் முழுக்கவே அப்படித்தான் இருந்தது. வெளிநாட்டு பையர்கள் ஒவ்வொருவராகத் தள்ளிப்போட்டார்கள். எங்கள் முதலாளி கடைசிவரை பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் காலை மேடத்தையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். சில லைன்களைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றார். கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அதில் டெய்லர்கள் எல்லோரும் மேலிருந்து கீழாகத் தரவரிசையில் இருந்தார்கள்.

"கீழ இருக்கறவங்களைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திப்போடலாமுங்க. நாம யாரும் கை வெக்கலீங்க, அம்மிணி. கம்ப்யூட்டரே சொல்லுது. சூப்பர்வைசர்கிட்ட உட்டா அவன் அவனோட ஊரு ஆளைத்தான் காப்பாத்துவான். வடக்க இருந்து வந்தவங்கதான் மொதல்ல போவாங்க. அதைவிட இது நியாயமில்லீங்களா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஓரவஞ்சனை எப்படி நடக்கும் என்று எனக்கும் தெரியும். மேடமும் அதை மறுக்கவில்லை.

"நீங்க சொல்ற நோய் நெசந்தானுங்க. மருந்து வேணும். ஆனா இந்த மருந்து என்ன பண்ணும்னு பாக்காமக் குடுக்க முடியாதுங்க. இது சொன்னதை மட்டும் வெச்சு யாரையும் அனுப்ப மாட்டோம்னு வாசல்ல ஒட்டியிருக்கறோமுங்க."

"அது சாதாரண நாளைக்குங்க, அம்மிணி. இப்ப நெலமை வேற."

"சாதாரண நாள்ல யாருங்க யாரை அனுப்பப் போறாங்க? இந்த மாதிரி நாளைக்குத்தானுங்க அதை எழுதி ஒட்டுனது."

முதலாளி எழுந்து கண்ணாடித் தடுப்புக்கு அருகில் போய், கீழே ஓடிக்கொண்டிருந்த லைன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். "சரி, கூப்புட்டுக் கேட்டுருங்க" என்றார். "நானும் நெனச்சா வந்து உக்காருவேன்." கஷ்டமான நேரத்தில், தான் ஒட்டிய காகிதத்துக்குத் தானே கட்டுப்பட்ட அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மதிப்பு இன்றைக்கும் குறையவில்லை.

விசாரணை என்ற சொல்லை மேடம் பயன்படுத்தவில்லை. பேசலாம் வாங்க என்றுதான் சொல்லி அனுப்பினார். புது ஆட்களுக்குத் தையல் சொல்லித்தரும் அறையில் உட்கார்ந்தோம். மேடம், நான், டெய்லர்களே தேர்ந்தெடுத்த இரண்டு பேர், கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த அந்த இன்ஜினியர். வரிசையில் கீழே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தன்னைப் பற்றிக் கேமரா சொன்னதை அவரவரும் திரையில் பார்த்தார்கள்.

முதலில் வந்தவர் தேனிப் பக்கத்து அக்கா ஒருவர். நல்ல டெய்லர். அவருடைய இருக்கை அடிக்கடி காலியாக இருப்பதாகக் கேமரா சொன்னது. படத்தை ஓடவிட்டோம். எழுந்து போகிறார். இரண்டு மெஷின் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெண்ணின் தோளுக்கு மேலே குனிகிறார். துணியை மடித்துக் காட்டுகிறார். திரும்பி வருகிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுகிறார்.

"அந்தப் பிள்ளை பீகார்ல இருந்து வந்துருக்கு சார். கழுத்துல வெக்கிற ரிப் பட்டியை மடிக்கத் தெரியாம அழுதுக்கிட்டு இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும்னு சொல்றீகளா? எனக்கு இந்தி வரும். சூப்பர்வைசருக்கு வராது. அவரே என்னையத்தான் கூப்புடுவாக."

மேடம் இன்ஜினியரிடம் திரும்பினார். "சொல்லிக்குடுக்கறதுன்னு ஒரு வேலை உங்க சாஃப்ட்வேருக்குத் தெரியுங்களா?"

"இல்லீங்க, மேடம். சீட்ல ஆள் இருக்காங்க, இல்லை. அது ரெண்டுதான் தெரியும்."

எனக்கு ஒன்று புரிந்தது. லைனை ஓட வைக்கிற ஆட்களே வரிசையின் அடியில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். புது ஸ்டைல் வரும்போதெல்லாம் கஷ்டமான வேலையை யாரிடம் கொடுப்போமோ அவர்களும் கீழேதான் இருந்தார்கள். கஷ்டமான வேலைக்கு நேரமாகும். கேமராவுக்கு நேரம் மட்டும்தான் தெரியும்.

அடுத்து வந்தவர் ஒடிசாவைச் சேர்ந்த ஒரு பெண். தமிழ் கொஞ்சம்தான் வரும். அனுப்பத்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, வாசலிலேயே நின்றுவிட்டார். மேடம் தேனி அக்காவைத் திரும்பக் கூப்பிட்டு, இந்தியில் பேச வைத்தார். அந்தப் பெண்ணின் கைக்குழந்தை எங்கள் கம்பெனி குழந்தைகள் காப்பகத்தில் இருந்தது. பால் கொடுக்கப் போய்வருவார். அந்த நேரமெல்லாம் வேலை செய்யாத நேரமாக ஏறியிருந்தது.

"பாப்பாவுக்குப் பால் குடுக்காம இருந்தா நெஞ்சு கட்டிக்கிதாம், வலிக்குதாம் மேடம். இனிமே ஓடிப் போயிட்டு ஓடி வர்றேன், அனுப்பிறாதீகன்னு கேக்குது" என்று தேனி அக்கா சொன்னார். 

மேடம் அந்தப் பெண்ணை உட்கார வைத்தார். பிறகு இன்ஜினியரைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "வேலை நேரத்துலயே பால் குடுக்கப் போயிட்டு வர்றதுக்குச் சட்டம் இருக்குதுங்க. அது இவங்க எடுத்துக்கிட்ட நேரமில்லீங்க. சட்டம் குடுத்த நேரம். அதைக் குறையா எண்ணி, இவங்களை நாம அனுப்பியிருந்தா, சட்டத்தை மீறுனது யாருங்க? உங்க கேமராவை யாரும் கோர்ட்டுக்குக் கூப்புட மாட்டாங்க. எங்க மொதலாளியைத்தான் கூப்புடுவாங்க."

அந்த இன்ஜினியரைப் பற்றியும் நல்லதாகச் சொல்ல வேண்டும். அவர் சமாளிக்கப் பார்க்கவில்லை. "இதை எங்க ஆபீஸ்ல செஞ்சப்போ, தையல் லைன்ல கைக்குழந்தைக்காரங்க இருப்பாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்லீங்க" என்றார். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, பால் கொடுக்கப் போகும் நேரம், சொல்லித்தரும் நேரம், பாத்ரூம் போகும் நேரம், மெஷின் ரிப்பேர் நேரம் எதையும் டெய்லர் கணக்கில் சேர்க்காதபடி என்ன செய்ய வேண்டும் என்று எங்களையே கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பெண் போகும்போது இன்ஜினியர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

எல்லாக் கதையும் இப்படியே போகவில்லை. ஒரு ஆள் வந்தார். மெஷின் சரியில்லை, நூல் சரியில்லை என்று அடுக்கினார். படத்தை ஓட்டினால், மடியில் செல்போனை வைத்துக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மாட்டிக்கிட்டனுங்க" என்று தலையைச் சொறிந்தார். அறையே சிரித்தது. மேடம்கூடச் சிரித்தார். ஆனால் அவருக்கு எதிராகத்தான் எழுதினார்.

என்னால் மறக்க முடியாதவர், அடுத்த நாள் வந்த ஒரு அக்கா. உள்ளூர்க்காரர். கம்பெனி ஆரம்பித்த காலத்திலிருந்து ஃப்ளாட்லாக் மெஷினில் இருப்பவர். அவர் வேகம் சில மாதங்களாகக் குறைந்துகொண்டே வருகிறது என்று கேமரா சொன்னது. படத்தில் அவர் கை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. விரல்களை மடக்கி விரித்தார். உதறினார். மறுபடி தைத்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னை வெளியிலிருந்து பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"அது சொல்றது சரிதானுங்க" என்றார்.

மேடம் உடனே திரையை அணைக்கச் சொன்னார். என்னைத் தவிர மற்றவர்களை வெளியே போய் இருக்கச் சொன்னார். நாற்காலியை அந்த அக்காவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எத்தனை நாளாங்க வலி?"

"ரொம்ப நாளாச்சுங்க. மணிக்கட்டுல ஆரம்பிச்சு மேல ஏறுதுங்க. காத்தால ஊட்டுல டம்ளரைக்கூடப் புடிக்க முடியறதில்லீங்க. சொன்னா நிறுத்திப்போடுவீங்களோன்னு சொல்லாம இருந்தனுங்க."

சூப்பர்வைசர் அதைக் கவனிக்கவில்லை. அந்த அக்காவுக்குப் பின்னால் அத்தனை தடவை நின்று அளந்த நானும் கவனிக்கவில்லை. கேமராதான் கண்டுபிடித்தது. கண்டுபிடித்துவிட்டு, அவரைக் கீழே தள்ளிவைத்தது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். வலிக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு மேடமே உடன் போனார். சிகிச்சை ஆரம்பித்தது. கை தேறும்வரை, தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் வேலை என்று முடிவானது. அதோடு மேடம் ஒரு புது விதியும் கொண்டுவந்தார். யாருடைய வேகமாவது மெல்ல மெல்லக் குறைந்தால், அந்தத் தகவல் சூப்பர்வைசருக்குப் போகக் கூடாது. கம்பெனி நர்சுக்கு மட்டும்தான் போக வேண்டும். இன்ஜினியர் அதையும் செய்துகொடுத்தார். அதற்குப் பிறகு முதுகுவலி, கண் மங்கல் என்று இன்னும் சிலர் நேரத்தோடு வைத்தியத்துக்குப் போனார்கள். அதே கேமரா, அதே எண்கள். யார் கைக்குப் போகிறது என்பது மட்டும்தான் மாறியது.

கடைசி நாள் முதலாளி வந்து பின்னால் உட்கார்ந்தார்.  எல்லோரும் போன பிறகு, "இந்த வரிசையை வெச்சு நான் நாலு நல்ல ஆளை அனுப்பியிருப்பனுங்க" என்றார். 

முடிவில் யாரையும் வரிசையை வைத்து நிறுத்தவில்லை. இருந்த வேலையை எல்லா லைனுக்கும் முறை வைத்துப் பங்கிட்டு, முறை இல்லாத நாளில் அந்த லைனுக்கு லீவு விட்டோம். பண்டிகைக்கு முன்கூட்டியே ஊருக்குப் போக விரும்பிய வடக்கத்தி ஆட்கள் போனார்கள். திரும்பி வந்தால் இடம் இருக்கும் என்று மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வந்தார்கள், இடமும் இருந்தது.

எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல முடியாது. வரிசையில் மேலே இருந்த ஒரு டெய்லர் மேடத்திடம் நேரில் வந்து கேட்டார். "நாங்க வேகமாத் தைக்கறோமுங்க. எங்களுக்கும் லீவு, போன் பாத்துக்கிட்டு இருந்தவனுக்கும் லீவுன்னா, இது என்னங்க நியாயம்?" மேடம் அவரை முழுதாகப் பேசவிட்டார். போன் பார்த்தவருக்கு எச்சரிக்கை கொடுத்திருப்பதைச் சொன்னார். ஆனால் அந்த டெய்லர் சமாதானமாகவில்லை. வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். "அவரு கேட்டதும் நியாயந்தானுங்க. என்கிட்ட அதுக்கு நல்ல பதில் இல்லீங்க" என்று மேடம் அன்றைக்கு என்னிடம் சொன்னார். மேடத்தைப் பற்றி நினைக்கும்போது, ஜெயித்த இடங்களோடு இந்த இடமும் சேர்ந்துதான் எனக்கு நினைவுக்கு வரும்.

ஆர்டர் திரும்ப வந்த பிறகு, கம்பெனிக்காரர்கள் கூடிப் பேசும் ஒரு கூட்டத்துக்கு முதலாளி எங்கள் இருவரையும் அழைத்துப் போனார். அதற்குள் பல கம்பெனிகளில் கேமரா வந்துவிட்டிருந்தது. மேடம் நடந்ததைச் சொன்னார். ஒருவர் எழுந்து, "ஒவ்வொருத்தரையும் இப்படிக் கூப்புட்டு உக்கார வெச்சுப் பேசிக்கிட்டிருந்தா கம்பெனி எப்பங்க ஓடறது?" என்று கேட்டார். கேள்வியில் கிண்டல் இருந்தது. பலர் தலையாட்டினார்கள்.

"எல்லாத்துக்கும் வேண்டாமுங்க" என்றார் மேடம். "துணியில ஓட்டை பாக்கற கேமரா இருக்குதுங்க. அது தப்பாச் சொன்னா ஒரு ரோல் துணி போகும். அதுக்கு யாரையும் உக்கார வெச்சுப் பேச வேண்டியதில்லீங்க. ஆளை அனுப்பறதுக்கு யோசனை சொல்ற கேமரா தப்பாச் சொன்னா ஒரு குடும்பமே ஊரைக் காலி பண்ணிக்கிட்டுப் போகும். எதுல ஆபத்து அதிகமோ அதுல காவலும் அதிகம் வேணுமுங்க. அவ்வளவுதானுங்க நான் கேக்கறது."

"அதை அரசாங்கம் சட்டமாப் போடட்டும். அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்று இன்னொருவர் சொன்னார்.

இதற்குப் பதில் சொன்னவர் எங்கள் முதலாளி. கூட்டத்தில் பேசுகிற பழக்கம் இல்லாதவர். எழுந்து நின்று மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"சாயத் தண்ணியை ஆத்துல உட்ட விஷயத்துல நாம எல்லாரும் அப்படித்தானுங்க இருந்தோம். சட்டம் வரட்டும், பக்கத்துக் கம்பெனிக்காரன் மொதல்ல செய்யட்டும்னு. கடைசியில கோர்ட்டு உத்தரவு வந்து சாயப்பட்டறையை எல்லாம் மூட வெச்சது இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியுமுங்க. சட்டம் வேண்டாம்னு நான் சொல்லலீங்க. வரணும். எல்லாருக்கும் ஒரே மாதிரி வரணும். இல்லீன்னா நியாயமா நடக்கறவன் நேரத்தை எழந்துட்டு நிப்பான், குறுக்கால போறவன் ஆர்டரைத் தூக்கிக்கிட்டுப் போவான். ஆனா வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருந்தா, நம்ம தொழில் தெரியாதவங்கதான் நமக்குச் சட்டம் எழுதுவாங்க. நாம செஞ்சு பாத்து வெச்சிருந்தா, இப்படி எழுதுங்கன்னு நாமளே சொல்லலாமுங்க."

கைதட்டல் ஒன்றும் இல்லை. டீ வந்தது. பேச்சு வேறு பக்கம் போனது. மேடம் மட்டும் முதலாளியை ஒரு புது ஆளைப் பார்ப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் வீரபாண்டியிலிருந்து வந்திருந்த ஒரு கம்பெனிக்காரர் கிளம்பும்போது எங்களிடம் வந்தார். பேசுவதைக் கேட்டு நம்ப முடியவில்லை, நேரில் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். மேடம் வரச் சொன்னார். மறுவாரம் தன் மேனேஜரோடு நெருப்பெரிச்சலுக்கு வந்து அந்த அறையில் உட்கார்ந்தார்.

அன்றைக்குத் தன் பக்கத்தைப் பேச வந்தவர் ஒரே ஒரு ஆள்தான். ஓவர்லாக் டெய்லர். வேகம் பத்தாது என்று கேமரா சொல்லி, புது லைனுக்கு அவரை எடுக்கவில்லை. அது தவறு என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். தன் பக்கத்தை நீளமாகச் சொன்னார். படத்தை ஓட்டினோம். அவர் கேட்ட இடத்தில் நிறுத்தினோம். சொன்ன இடத்துக்குத் திரும்பப் போனோம். அவர் மெஷினைப் பற்றி மெக்கானிக்கைக் கூப்பிட்டும் கேட்டோம். டெய்லர்களின் பிரதிநிதிகள் இரண்டு பேரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, இந்தத் தடவை கேமரா சொன்னது சரிதான் என்று தங்கள் ஆளுக்கு எதிராகவே சொன்னார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மேடம் முடிவை எழுதித் தன் பெயரைப் போட்டார். மூன்று மாதம் கழித்து அவர் மறுபடி கேட்கலாம் என்றும் எழுதினார்.

வெளியே வந்ததும் வீரபாண்டிக்காரர் அந்த டெய்லரை நிறுத்தினார்.

"ஏனுங்க, உங்களுக்கு எதிராத்தானே சொல்லியிருக்கறாங்க. கோவமில்லீங்களா?"

"இருக்குதுங்க" என்றார் அவர். "இல்லாம என்னங்க? ஆனா நான் பேசி முடிச்சதுக்கப்பறந்தானுங்க சொன்னாங்க."

சொல்லிவிட்டுக் கழுத்தில் தொங்கிய டேப்பைச் சரி செய்துகொண்டு லைனுக்குப் போனார். வீரபாண்டிக்காரர் அவர் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேடத்திடம், வாசலில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார்.